59 வயதில் நீச்சல் கற்றவர், 80 வயதில் அயர்ன்மேன்! டிரையத்லான் ஆசை வந்தவர்கள் எங்கே ஆரம்பிப்பது?

ஹவாய் தீவில் இருக்கிறது கோனா என்ற கடற்கரை ஊர். 'அயர்ன்மேன்' உலக சாம்பியன்ஷிப்புக்குப் பேர்போன இடம். 2025 அக்டோபர் 11-ம் தேதி காலையில் அங்கே கடலில் இறங்கினார் அமெரிக்காவைச் சேர்ந்த நடாலி கிராபோ. 3.8 கிலோமீட்டர் நீந்தினார். கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார். அதோடு விடவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு 42.2 கிலோமீட்டர், அதாவது ஒரு முழு மாரத்தான் ஓடினார். 17 மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கில் சேரும். அவர் எல்லைக்கோட்டைத் தொட்டபோது 16 மணி 45 நிமிடங்கள் ஆகியிருந்தன.

நடாலிக்கு வயது 80. அந்தப் போட்டியை முடித்த பெண்களிலேயே மூத்தவர் அவர்தான். இதைவிட ஆச்சர்யமான ஒரு விஷயம் உண்டு. 59 வயதில்தான் அவர் நீச்சலே கற்றுக்கொண்டார்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 'பச்சைக்கிளி முத்துச்சரம்', 'பையா' படங்களில் வில்லனாகப் பார்த்தோமே, நடிகர் மிலிந்த் சோமன்... அவர் 2015-ல், ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சில மாதங்கள் முன்பு, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இதே தூரத்தை முடித்தார்.

இந்த மாதிரிச் செய்திகளைப் படித்ததும் சிலருக்கு, 'இதெல்லாம் நமக்கு எங்கே...' என்று தோன்றும். சிலருக்கோ, 'அடுத்த வருஷமே கோவா அயர்ன்மேன்ல கலந்துக்கிறோம்' என்று ரத்தம் சூடாகும். இரண்டுமே சரியில்லை. டிரையத்லான் என்பது இரும்பு மனிதர்களுக்கு மட்டுமான விளையாட்டு அல்ல. சாதாரண ஆட்கள் முடிக்கக்கூடிய சின்ன தூரங்களும் இதில் இருக்கின்றன. ஆனால், அவசரப்பட்டு இறங்கக்கூடிய விளையாட்டும் அல்ல. காரணம், இது தண்ணீரில் தொடங்குகிறது.

எது டிரையத்லான்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம். இந்த மூன்றையும் இதே வரிசையில், நடுவில் ஓய்வு இல்லாமல் செய்து முடிப்பதுதான் டிரையத்லான். ஈரத்தைத் துடைப்பது, ஹெல்மெட் போடுவது, ஷூ மாட்டுவது எல்லாம்கூட நேரக் கணக்கில் சேரும். கடிகாரம் நிற்காது.

1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் ஓர் ஓட்டக் குழு நடத்திய போட்டியில்தான் 'டிரையத்லான்' என்ற பெயரில் இந்த விளையாட்டு தொடங்கியது. அன்று கலந்துகொண்டவர்கள் 46 பேர். அவர்களில் ஒருவரான கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் பிறகு ஹவாய்க்கு மாற்றலாகிப் போனார். அங்கே நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர், இவர்களில் யாருக்கு உடல்வலு அதிகம் என்று ஒரு விவாதம். 'அங்கே நடக்கிற மூன்று பெரிய போட்டிகளையும் ஒரே நாளில் சேர்த்து நடத்திப் பார்த்துவிடலாமே' என்றார் காலின்ஸ். 1978 பிப்ரவரியில் முதல் அயர்ன்மேன் அப்படித்தான் நடந்தது. 15 பேர் புறப்பட்டு, 12 பேர் முடித்தார்கள்.

2000-ம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக் விளையாட்டானது. 2019 அக்டோபரில், பாதி தூரமான 'அயர்ன்மேன் 70.3' போட்டி முதன்முறையாக கோவாவுக்கு வந்தது. 70.3 என்பது மொத்த தூரத்தின் மைல் கணக்கு. கிலோமீட்டரில் சொன்னால் 113.

உங்கள் தூரம் எது?

புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

* ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம்.
* ஒலிம்பிக்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்.
* 70.3: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்.
* முழு அயர்ன்மேன்: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்.

ஸ்பிரிண்ட்டுக்கும் கீழே, அதில் சுமார் பாதி தூரம் உள்ள 'சூப்பர் ஸ்பிரிண்ட்' போட்டிகளும் உண்டு. நீச்சல் கற்று முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு 'டூயத்லான்' இருக்கிறது. அதில் ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். தண்ணீரே கிடையாது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்பிரிண்ட் என்றால் நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி தலைதெறிக்க ஓடுவது இல்லை. நிதானமாகப் போகும் ஒரு புதியவர் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தினமும் அரை மணி நேரம் நடக்கிற பழக்கம் உள்ள, உடம்பில் பெரிய கோளாறு இல்லாத ஒருவருக்கு எட்டக்கூடிய தூரம்தான் இது. முதல் போட்டியே 70.3-ஆக இருக்க வேண்டும் என்று யாராவது உசுப்பேற்றினால், காதில் வாங்காதீர்கள்.

கிணற்று நீச்சலும் குளத்து நீச்சலும்

நம் ஊர்க்காரர்களில் பலருக்கு, முதுகில் சுரைக்குடுக்கையையோ பிளாஸ்டிக் கேனையோ கட்டி, தாத்தாவோ மாமாவோ கிணற்றில் தள்ளிவிட்டு வந்த நீச்சல் இருக்கும். பயம் தெளிந்திருக்கும் என்பதால் அது நல்ல ஆரம்பம்தான். ஆனால், கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்திப் பழகியிருப்போம். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவது போல ஆகிவிடும். ஐம்பது மீட்டரில் மூச்சு வாங்கிவிடும்.

எனவே, நீச்சல் தெரிந்தவரோ, தெரியாதவரோ, எல்லோரும் பழக வேண்டிய முதல் பாடம் ஒன்றுதான். தண்ணீருக்குள் மூச்சை விடுவது. புதியவர்கள் மூச்சை உள்ளே இழுப்பதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். உண்மையில், மூச்சை முழுதாக வெளியே விடாததால்தான் நெஞ்சு முட்டுகிறது. முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழ் விட்டுப் பழகுங்கள். அடுத்தது குப்புற மிதப்பது. அடுத்தது மல்லாந்து மிதப்பது. அதன்பிறகுதான் கால் அடிப்பது, கை வீசுவது, பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுப்பது எல்லாம்.

மல்லாந்து மிதக்கத் தெரிந்தவருக்குத் தண்ணீரில் ஓய்வெடுக்க ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. படபடப்பு வந்தாலும், கால் பிடித்துக்கொண்டாலும், அப்படியே திரும்பிப் படுத்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளலாம். வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

வாரத்துக்கு மூன்று நாள் வீதம் போனால், அறவே நீச்சல் தெரியாத ஒருவருக்கு 25 மீட்டரைத் தைரியமாகக் கடக்கவே சில வாரங்கள் ஆகலாம். 750 மீட்டரை எட்ட மூன்று, நான்கு மாதங்கள் ஆனாலும் அது தாமதம் அல்ல. 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்றால், 15 முறை போய் வர வேண்டும். அதை நிற்காமல், பதற்றம் இல்லாமல் முடிக்கிற நாள்வரை போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

பலருக்கும் தெரியாத விதி ஒன்று இருக்கிறது. டிரையத்லானில் இந்த வகையில்தான் நீந்த வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஃப்ரீஸ்டைல் வராதவர்கள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் போகலாம், மல்லாந்தும் போகலாம். களைத்துவிட்டால் மிதவையையோ பாதுகாப்புப் படகையோ பிடித்து ஓய்வெடுக்கவும் அனுமதி உண்டு. அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான்.

பெண்களுக்கு இதில் இன்னும் ஒரு தயக்கம். நாற்பது வயதில் குளத்தில் இறங்குவதா, யாராவது பார்ப்பார்களே, என்ன உடை போடுவது என்று. பல நீச்சல்குளங்களில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது. முழங்கை, கணுக்கால்வரை மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. பருத்தித் துணி மட்டும் வேண்டாம். நீரை உறிஞ்சிக் கனத்து, கீழே இழுக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள், பார்ப்பவர்களின் கேலியைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கற்றார்கள். தெருவில் விழுந்து எழுந்து அவர்கள் கற்றதைவிடக் குளத்தில் கற்பது கஷ்டமில்லை.

கடல் வேறு, குளம் வேறு

நீச்சல்குளத்தின் தரையில் கோடு இருக்கும். கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும். கடலிலோ ஏரியிலோ இரண்டும் கிடையாது. கலங்கிய தண்ணீரில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. போட்டியில் பக்கத்தில் நீந்துகிறவரின் கால் முகத்தில் படும். அலை வாயில் அடிக்கும். குளத்தில் ஒன்றரை கிலோமீட்டர் அசராமல் நீந்துகிறவர்களுக்கும் முதல்முறை கடலில் நெஞ்சு படபடக்கும். அது கோழைத்தனம் இல்லை. உடம்பு இயல்பாகக் காட்டும் எதிர்வினை.

அதனால், திறந்தவெளி நீச்சலைத் தனியாகப் பழக வேண்டும். பயிற்சியாளரோடு, குழுவாக, துணைக்குப் படகு வரும்போது மட்டும் இறங்குங்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் பளிச்சென்ற நிற மிதவை இருந்தால், தூரத்திலிருந்தும் உங்களைப் பார்க்க முடியும். ஏழெட்டு முறை கை வீசியதும் ஒரு தடவை தலையை லேசாக உயர்த்தி, எதிரே உள்ள மிதவையோ கட்டடமோ தெரிகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் 750 மீட்டர் போட்டியில் ஒரு கிலோமீட்டர் நீந்தி வருவீர்கள்!

மெரினா போன்ற கடற்கரைகளில் அலையில் விளையாடப் போய் உயிரிழந்தவர்களைப் பற்றி ஆண்டுதோறும் படிக்கிறோம். கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுத்துவிடும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்துப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. தனியாகக் கடலில் இறங்குவதில்லை என்று முடிவெடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்

அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் இதயத் துடிப்பு நின்றுபோன நிலைகளையும் ஆராய்ந்து, 2017-ல் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. விபத்துக் காயங்களால் இறந்தவர்களைத் தவிர்த்து, இதயம் திடீரென நின்றுபோன சம்பவங்கள் 120. அவற்றில் 90 நடந்தது நீச்சலின்போது. ஓட்டத்தில் 15, சைக்கிளில் 7, போட்டி முடிந்தபின் 8.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். ஒரு லட்சம் பேர் கலந்துகொண்டால் இரண்டு பேருக்கும் குறைவு என்பதுதான் ஆய்வு சொல்லும் விகிதம். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47-ஐ ஒட்டியது. பெரும்பாலோர் ஆண்கள். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். அனுபவ விவரம் தெரிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முதல்முறை கலந்துகொண்டவர்கள். பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்தவர்களில், பத்தில் நான்கு பேருக்கும் மேல் இதயத்திலோ ரத்தக்குழாயிலோ கோளாறு இருந்தது.

எனவே, நாற்பதை நெருங்கியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் இள வயதில் மாரடைப்பு வந்த சரித்திரம் உள்ளவர்கள் பயிற்சிக்கு முன்பே மருத்துவரிடம் போய், 'இப்படி ஒரு போட்டிக்குத் தயாராகப் போகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். என்னென்ன பரிசோதனை தேவை என்று அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், பயிற்சி நாளில் மருந்தையும் சாப்பாட்டையும் எப்படி மாற்றுவது என்று கட்டாயம் கேட்க வேண்டும். ரோட்டில் சர்க்கரை இறங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம். தண்ணீரில் உட்கார இடமில்லை.

நெஞ்சு வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல்... இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தண்ணீரில் இருந்தால் கையை உயர்த்துங்கள். படகில் இருப்பவர்கள் வருவார்கள். பாதியில் விலகுவது தோல்வி இல்லை. இன்னொரு போட்டி வரும்.

வீட்டு சைக்கிளே போதும்

டிரையத்லான் என்றதும் லட்ச ரூபாய் சைக்கிள்தான் பலருக்கும் கண்முன் வரும். முதல் போட்டிக்கு அது தேவையே இல்லை. வீட்டில் கியர் சைக்கிள் இருந்தால் போதும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா, கைப்பிடிக் குழாயின் முனைகள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். முனை திறந்திருந்தால், விழும்போது உடம்பில் குத்தும். அதனால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் ஹெல்மெட். இரண்டாவது, சீட்டின் உயரத்தைச் சரிசெய்ய சைக்கிள் கடையில் செலவிடும் அரை மணி நேரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலி வரும்.

கெத்துக்காகக் கனமான கியரில் மிதிக்காதீர்கள். லேசான கியரில் சீராகக் கால் சுற்றினால்தான், இறங்கி ஓடுவதற்குக் காலில் ஏதாவது மிச்சமிருக்கும். பஞ்சர் ஆனால் டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டியில் வெளியாள் உதவி கூடாது. பயிற்சிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரியான இடங்களுக்குப் போகிறவர்கள், போக்குவரத்து குறைவான விடியற்காலையில், குழுவாக, பின்னால் சிவப்பு விளக்கு போட்டுப் போங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விதி. பொதுப்பிரிவினருக்கான பெரும்பாலான போட்டிகளில் முன்னால் போகும் சைக்கிளை ஒட்டிப் போகக் கூடாது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு மிச்சமாகும் என்பதால் இந்தத் தடை. மீறினால் நேர அபராதம்.

காலா, செங்கல்லா?

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்கள், கால் நம்முடையதே இல்லை என்று தோன்றும். செங்கல் கட்டிவிட்ட மாதிரி கனக்கும். சைக்கிள் முடித்த கையோடு ஓடிப் பழகும் பயிற்சிக்கே 'பிரிக்', அதாவது செங்கல் என்று பெயர். வாரம் ஒருமுறை, சைக்கிள் ஓட்டிய உடனே பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். நாலைந்து வாரத்தில் உடம்பு புரிந்துகொள்ளும்.

ஓட்டத்தின் வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான வேகம். ஒற்றை வார்த்தைதான் வருகிறதா? குறையுங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போவதும் தவறில்லை. போட்டியில் நடக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒரே வாரத்தில் தூரத்தைத் தடாலடியாகக் கூட்டினால் முட்டியும் கெண்டைக்காலும் பதில் சொல்லும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஹெல்மெட் முதலில்... சைக்கிள் பிறகு!

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்தை 'டிரான்சிஷன்' என்பார்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஈரக் காலில் சாக்ஸ் ஏறாது. சைக்கிளை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துபோகும்.

முந்தைய நாளே வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை பாருங்கள். சின்னத் துண்டு, அதன்மேல் ஷூ, சாக்ஸ், தண்ணீர் பாட்டில், எண் அட்டை கோத்த பெல்ட். ஹெல்மெட்டைச் சைக்கிள் கைப்பிடியில் கவிழ்த்து வையுங்கள். சைக்கிளைத் தொடும் முன் ஹெல்மெட் வாரை மாட்டியிருக்க வேண்டும். மாறும் இடத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகே ஏறலாம். இந்த இரண்டு விதிகளும் தெரிந்தால், பாதி குழப்பம் தீரும்.

கடலை மிட்டாயும் மோரும்

1982 பிப்ரவரி அயர்ன்மேனில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி கலந்துகொண்டார். படிப்புக்கான ஆய்வுக்காக வந்த புதியவர் அவர். பெண்களில் முதலிடத்தில் ஓடி வந்தவர், எல்லைக்கோட்டுக்குச் சில அடி தூரத்தில் நீர்ச்சத்து குறைந்து, கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். இன்னொருவர் கடந்து போய் முதலிடம் பெற, ஜூலி தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் ஏராளம். மனவுறுதிக்கு அது உதாரணம்தான். ஆனால், உடம்பில் தண்ணீரும் எரிபொருளும் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

ஸ்பிரிண்ட் தூரத்துக்கு விலை உயர்ந்த ஜெல், பவுடர் எதுவும் அவசியமில்லை. இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு எண்ணெய் குறைந்த, பழகிய சாப்பாடு. இரண்டு இட்லியோ, ராகிக் கஞ்சியோ போதும். சைக்கிளில் போகும்போது ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு பாட்டிலில் இருக்கட்டும். முடித்த பிறகு மோர், இளநீர், அப்புறம் வயிறாரச் சாப்பாடு. போட்டி நாளில் புதிதாக எதையும் முயற்சி செய்யாதீர்கள்.

தண்ணீர் குறைவாகக் குடிப்பது எவ்வளவு தப்போ, தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் குடிப்பதும் அவ்வளவு தப்பு. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். நம் ஊர் வெயிலும் புழுக்கமும் தனி எதிரி. ஓடும்போது ஒருவர் பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு அல்ல, உடல்சூடு எல்லை மீறியதன் அறிகுறியாக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

நீச்சல் ஓரளவு வந்துவிட்ட ஒருவர், 12 வாரத்தில் ஸ்பிரிண்ட்டுக்குத் தயாராகலாம். ஒரு மாதிரி அட்டவணை:

* திங்கள்: ஓய்வு.
* செவ்வாய்: நீச்சல், 40 நிமிடம்.
* புதன்: ஓட்டமும் நடையும், 30 நிமிடம்.
* வியாழன்: நீச்சல், 40 நிமிடம்.
* வெள்ளி: வீட்டிலேயே தண்டால், உட்கார்ந்து எழுதல் போன்ற பயிற்சிகள், 20 நிமிடம்.
* சனி: நீச்சல் அல்லது ஓட்டம், எதில் பலவீனமோ அது, 30 நிமிடம்.
* ஞாயிறு: சைக்கிள் ஒரு மணி நேரம், இறங்கியதும் 10 நிமிட ஓட்டம்.

மொத்தம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான்காவது வாரம்தோறும் பாதியாகக் குறைத்து உடம்பைத் தேறவிடுங்கள். கடைசி வாரத்தில் லேசான பயிற்சி மட்டும். விட்டுப்போன பயிற்சியை அடுத்த நாள் சேர்த்துச் செய்ய வேண்டாம். தூக்கத்தைக் குறைத்து நேரம் கண்டுபிடிக்கவும் வேண்டாம்.

வீட்டில் பேசுங்கள்

நான்கு மணி நேரம்தானே என்று தோன்றும். அது விடியற்காலை நான்கு மணி நேரம். அப்பா ஞாயிறு காலை சைக்கிளில் கிளம்பிவிடுவார், வீட்டு வேலை வழக்கம்போல நடந்துவிடும். அம்மா கிளம்பினால்? பால் காய்ச்சுவது யார், இட்லி ஊற்றுவது யார், பிள்ளையை டியூஷனுக்கு விடுவது யார்? பெண்கள் பலர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணம் கால்வலி இல்லை, இந்தக் கேள்விகள்தான். ஆரம்பிக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி, எந்த நாள் யார் வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சேர்ந்தே செய்யுங்கள். அக்கா நீச்சல், தம்பி சைக்கிள், அப்பா ஓட்டம் என்று மூவர் அணியாகக் கலந்துகொள்ளும் 'ரிலே' பிரிவும் பல போட்டிகளில் உண்டு. மூன்றையும் ஒருவரே செய்யப் பயப்படும் குடும்பத்துக்கு இது அருமையான வாசல்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் கிறிஸ் நிகிக், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் அயர்ன்மேனை முடித்த முதல் மனிதர் ஆனார். தினமும் ஒரு சதவிகிதம் முன்னேறினால் போதும் என்பதுதான் அவரும் அவர் அப்பாவும் வைத்துக்கொண்ட கணக்கு. நடாலி கிராபோ குளத்தில் முதன்முதலாக இறங்கியதற்கும் கோனா கடலில் சாதித்ததற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல். இருவரும் அவசரப்படவில்லை.

உங்கள் முதல் வேலை சைக்கிள் கடைக்குப் போவதல்ல, போட்டிக்குப் பணம் கட்டுவதும் அல்ல. பக்கத்து நீச்சல்குளத்துக்கு ஒரு போன் போடுங்கள். பெரியவர்களுக்கான வகுப்பு எத்தனை மணிக்கு, பயிற்சியாளரும் உயிர்காப்பாளரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் மாதம் முழுக்க மிதக்க மட்டும் பழகினால்கூட நல்ல தொடக்கம்தான்.